கணிதக்காரர் கூடிப் பேசும் கருத்தரங்கு: ஐந்து படகுகளை வைத்து ஒரு விளக்கம்

என்னிடம் இணைந்த கணிதம் படித்த கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம், முதலாம் வருடம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் ஒரு பின்னேரம் வீட்டுப் பக்கம் வந்தாள். கணிதத் துறையின் அறிவித்தல் பலகையில் வாரந்தோறும் ஒரு தாள் ஒட்டுகிறார்களாம். மேலே கருத்தரங்கு என்று போட்டிருக்கும். கீழே ஒருவரின் பெயர், வாயில் நுழையாத ஒரு தலைப்பு, நேரம், அறை இலக்கம்.

"சேர், அது ஆருக்கு? நாங்களும் போகலாமோ? சோதினைக்கு அதில ஏதும் வருமோ?"

யாரும் போகலாம், நீயும் போ, சோதனைக்கு ஒன்றும் வராது என்றேன். கடைசிப் பதில்தான் அவளைக் குழப்பியது. சோதனைக்கு வராத ஒன்றுக்கு ஏன் பேராசிரியர்கள்கூட வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போய்க் குந்தியிருக்கிறார்கள்? அவளுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் ஆறுதலாக, இதே சந்தேகம் உள்ள எல்லோருக்கும் இங்கே எழுதுகிறேன். உயர்தரக் கணிதம் படிக்கும் பிள்ளைக்கும், படித்து முடித்து வேறு வேலையில் இருப்பவருக்கும் இது விளங்கும்.

முதலில் சொற்களில் உள்ள சிக்கலை அவிழ்ப்போம். திருகோணமலையில் செமினார் என்றால் எல்லோருக்கும் ஒரு படம் மனதில் வரும். உயர்தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு மண்டபம், நிறையப் பிள்ளைகள், ஒலிவாங்கியோடு பேர்போன ஆசிரியர் ஒருவர், கையில் எதிர்பார்க்கை வினாக்கள். செயலமர்வு என்றால் இன்னொரு படம்: ஆசிரியர்களைக் கூப்பிட்டு வளவாளர் ஒருவர் நடத்துவது, வரவுப் பதிவேடு, மதியம் சோற்றுப் பார்சல், முடிவில் சான்றிதழ். இரண்டும் தேவையானவைதான். இரண்டிலும் பேசுகிறவருக்கு விடை தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. தெரிந்ததைத் தெரியாதவருக்குக் கொடுக்கிறார்கள்.

கணித ஆய்வில் கருத்தரங்கு அப்படியல்ல. பேசுகிறவருக்கே முழு விடை தெரியாமல் இருக்கலாம். கேட்கிறவருக்கு ஒரு துண்டு தெரிந்திருக்கலாம். இன்னும் முடியாத கணிதத்தை நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கான இடம் அது.

செமினார் என்ற சொல்லின் வேரே இதைச் சொல்கிறது. லத்தீனில் அது விதை என்ற சொல்லிலிருந்து வந்தது, நாற்றுமேடை என்று பொருள். மிளகாய், கத்தரி நடுவதற்கு முன் ஒரு மூலையில் மண்ணைப் பதப்படுத்தி விதை போட்டு நிழல் கட்டி வைப்போமே, அதுதான். விளைச்சலை அங்கே தேட முடியாது. எது முளைக்கிறது, எது சூம்பிப் போகிறது என்று பார்க்கும் இடம். 1834இல் யாக்கோபி என்ற கணிதக்காரரும் நோய்மன் என்ற பௌதிகக்காரரும் கோனிக்ஸ்பேர்க் நகரில் கணித-பௌதிகக் கருத்தரங்கு ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் விரிவுரையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் மட்டும் போதாது, தாங்களே ஒன்றைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம். இன்று உலகத்தில் கணிதத் துறை உள்ள இடமெல்லாம் நடக்கிற வாராந்தக் கருத்தரங்குகளுக்கு அந்தக் காலத்து ஜேர்மன் பழக்கம் ஒரு மூத்த முன்மாதிரி.

நடக்கும் விதம் எளியது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அறை. பத்துப் பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம். ஒருவர் ஐம்பது நிமிடமளவில் பேசுவார், பெரும்பாலும் பலகையில் எழுதியபடியே. பேச்சுக்கு முன்னரே தலைப்பும் நாலைந்து வரிச் சுருக்கமும் வந்துவிடும். பேச்சு முடிந்தால் கேள்வி, அப்புறம் தேநீர். அந்தத் தேநீரைச் சும்மா உபசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அறைக்குள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி அங்கேதான் வெளியே வரும்.

இதிலே சில வகைகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே பிரிவுக்காரர் தங்களுக்குள் நடத்துவது ஆய்வுக் கருத்தரங்கு. எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாக, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை நடப்பதைக் கொலோக்கியம் என்பார்கள், புதியவர் போவதற்கு அதுதான் நல்லது. நாலு பேர் சேர்ந்து ஒரு புத்தகத்தையோ கட்டுரையையோ அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எடுத்து, ஒவ்வொருவராகப் படித்து வந்து மற்றவருக்குச் சொல்வது வாசிப்புக் கருத்தரங்கு. பாரிசில் 1948 முதல் நடக்கும் பூர்பாக்கி கருத்தரங்கில் பேச்சாளர் தன் கண்டுபிடிப்பைச் சொல்வதில்லை. வேறொருவர் கண்டுபிடித்ததைத் தான் விளங்கிக்கொண்ட மாதிரி எடுத்துச் சொல்வார். பிறர் வேலையைத் தெளிவாக விளக்குவதையும் பெரிய கணித வேலையாக மதிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, ஒரு மணி நேரத்துக்குள் உண்மையில் என்னதான் பேசுவார்கள்? வரைவிலக்கணம் சொல்லி இதை விளக்க முடியாது. ஒரு பேச்சுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐந்து படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவற்றில் நான்கைத் தெரிந்து, அவற்றை உச்சிகளாக வைத்துக் கயிறு கட்டினால் உட்பக்கம் மடங்காத ஒரு நாற்பக்கல், அதாவது குவிவு நாற்பக்கல், வர வேண்டும். படகுகள் எப்படி நின்றாலும் அப்படி நான்கு கிடைக்குமா?

கிடைக்கும். காரணம் இது. ஐந்து படகையும் வெளிப்பக்கமாகச் சுற்றி ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். கயிறு ஐந்து படகிலும் முட்டினால் அது குவிவான ஐங்கோணி. அதில் எந்த நான்கை எடுத்தாலும் சரி. நான்கில் முட்டி ஒன்று உள்ளே நின்றால் அந்த நான்கே விடை. மூன்றில்தான் முட்டுகிறது, இரண்டு உள்ளே நிற்கின்றன என்றால்? உள்ளே நிற்கும் இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோடு போடுங்கள். வெளியே முக்கோணியாக நிற்கும் மூன்றில், கோட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றும் மறுபக்கத்தில் இரண்டும் இருக்கும். ஒரே பக்கத்தில் உள்ள அந்த இரண்டும், உள்ளே உள்ள இரண்டும் சேர்ந்தால் குவிவு நாற்பக்கல். நிறுவல் முடிந்தது. ஒரு தாளில் ஐந்து புள்ளி போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

நல்ல பேச்சாளர் முதல் பத்து நிமிடத்தை இப்படித்தான் செலவழிப்பார். அறையில் உள்ள எல்லோரும், முதலாம் வருடப் பிள்ளை உட்பட, கூடவே நடப்பார்கள். அடுத்து அவர் கேள்வியைக் கொஞ்சம் தள்ளுவார். குவிவு நாற்பக்கலுக்கு 5 புள்ளி போதும். குவிவு ஐங்கோணிக்கு எத்தனை? விடை 9. எட்டுப் புள்ளிகளை ஐங்கோணி வராமல் சாமர்த்தியமாக வைக்கலாம், ஒன்பதாவது வந்துவிட்டால் தப்ப முடியாது. இதன் நிறுவல் நீளமானது, இருபதாவது நிமிடத்தில் அதன் சாரத்தை மட்டும் சொல்வார். குவிவு அறுகோணிக்கு? 17. இதைக் காட்டியது 2006இல் வெளிவந்த ஒரு கட்டுரை, கணினியின் உதவியோடு. எழுகோணிக்கு?

5, 9, 17 என்று வருவதைப் பார்த்தால் அடுத்தது 33 என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒருவராலும் இன்னும் நிறுவ முடியவில்லை.

அந்த இடத்தில் அறையின் காற்றே மாறிவிடும். நாற்பது நிமிடத்துக்கு முன் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு விளங்குகிற படத்தில் தொடங்கினோம், இப்போது மனித குலத்துக்கே தெரியாத ஓரத்தில் வந்து நிற்கிறோம். மீதிப் பத்து நிமிடத்தில் பேச்சாளர் தான் எந்தப் பக்கமாக ஏறிப் பார்த்தேன், எங்கே சறுக்கியது என்று சொல்வார். புத்தகத்தில் வழி சரியாக வந்த கதை மட்டும்தான் அச்சாகும். சறுக்கிய இடத்தை ஆளிடம்தான் கேட்டு அறியலாம். கருத்தரங்குக்கு நேரில் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்குப் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவே ஒரு கருத்தரங்கின் கதை. 1930களின் தொடக்கத்தில் புடாபெஸ்டில் கணித ஆர்வமுள்ள இளைஞர் சிலர் நகரப் பூங்காவில் ஒரு சிலையடியில் கூடுவார்கள். பெயர் தெரியாத பழைய வரலாற்றாசிரியர் ஒருவரின் சிலை அது. அறை இல்லை, பலகை இல்லை, பேராசிரியர் இல்லை. ஒருநாள் எஸ்தர் கிளைன் என்ற இளம் பெண் ஐந்து புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்து போட்டார். மேலே நான் சொன்ன நிறுவல் அவருடையது. கூட்டத்தில் இருந்த ஜோர்ஜ் செக்கரஷும் போல் ஏர்டிஷும் அதைப் பிடித்துக்கொண்டு, எத்தனை கோணமுள்ள பல்கோணி கேட்டாலும் போதுமான அளவு புள்ளிகள் இருந்தால் கிடைத்தே தீரும் என்று நிறுவி 1935இல் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து எஸ்தரும் செக்கரஷும் திருமணம் செய்துகொண்டார்கள். அதனால்தான் ஏர்டிஷ் இந்தக் கணக்குக்கு மகிழ்ச்சியான முடிவுக் கணக்கு என்று பெயர் வைத்தார். யூதர்களான இருவரும் நாட்டை விட்டு ஷங்காய்க்குப் போய், 1948இல் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்கள். 17 என்ற விடையைக் கணினியில் சரிபார்த்த இருவரில் ஒருவர் இதே செக்கரஷ்தான். கட்டுரை அச்சில் வருவதற்கு முன், 2005 ஓகஸ்ட் 28ஆம் தேதி, எஸ்தரும் அவரும் ஒரு மணி நேர இடைவெளிக்குள் காலமானார்கள். பூங்காவில் போட்ட ஒரு விதை எழுபது வருடம் அவர்களோடேயே நடந்தது. நாட்டை விட்டுப் போனவர்களின் கதை நம் ஊருக்கும் தெரிந்த கதை என்பதாலோ என்னவோ, இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற விஷயத்துக்கு வருவோம். என் முதல் கருத்தரங்கைச் சொன்னால் விளங்கும். அப்போது நான் மூன்றாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். தலைப்பில் இருந்த ஏழு சொல்லில் எனக்கு இரண்டுதான் தெரியும். முதல் பன்னிரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு போனேன், அதற்கப்புறம் ஒன்றும் ஏறவில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். எல்லோருக்கும் விளங்குகிறது, எனக்கு மட்டும்தான் இதற்குரிய மூளை இல்லை என்று தீர்மானித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்வரிசைக் கதிரையில் இருந்த வயதான பேராசிரியர் கையைத் தூக்கினார். "மன்னிக்க வேணும், எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு பரிமாணத்தில் மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது என்ன?" என்று கேட்டார். பேச்சாளர் கொஞ்சம் யோசித்தார். எழுதியதை அழித்தார். பலகையில் ஒரு கோடு போட்டார், கோட்டில் மூன்று புள்ளி வைத்தார். இரண்டு நிமிடத்தில் அதுவரை அவர் பேசியது முழுவதும் எனக்கும் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பின்வரிசையில் பேனாக்கள் எழுதத் தொடங்கிய சத்தம் கேட்டது. அவ்வளவு பேரும் அதுவரை என்னைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள்.

ஆய்வுக் கணிதம் மிகவும் சிறு சிறு துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. பக்கத்து அறையில் இருப்பவர் செய்வதே ஒரு பேராசிரியருக்கு முழுக்க விளங்காது. ஆகவே ஒரு பேச்சில் பாதி விளங்காமல் போவது குறை அல்ல, அதுதான் வழமையான நிலை. ரியூசன் வகுப்பில் ஒரு வரி விடுபட்டால் அடுத்த வரி விளங்காது, அதனால் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தைக் கருத்தரங்குக்குக் கொண்டு போகக் கூடாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் கணிதக்காரர் ரவி வாகில் தன் மாணவருக்குச் சொல்லும் ஒரு பயிற்சி இதற்கு நல்ல மருந்து. பேச்சு முழுவதையும் பிரதி பண்ண முயலாதே. இந்த ஒரு மணி நேரத்தில் உனக்கென்று மூன்றே மூன்று விஷயம் எடுத்துக்கொண்டு வா என்கிறார். அது ஒரு வரைவிலக்கணமாக இருக்கலாம், ஓர் உதாரணமாக இருக்கலாம், உன்னிடம் எழுந்த ஒரு கேள்வியாகவும் இருக்கலாம். நான் இதைக் கொஞ்ச காலமாகச் செய்கிறேன். ஒரு கொப்பியில் ஒரு பேச்சுக்கு ஒரு பக்கம். மூன்று வருமா என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இரண்டு எப்படியும் வந்துவிடும், மூன்றாவதுக்காகக் கவனித்துக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கவனிப்புத்தான் பயன்.

கேள்வி கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கேட்டால் சேர் பிழையாக நினைப்பாரோ, கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம். கணிதக் கருத்தரங்கில் கேள்வி கேட்பதுதான் மரியாதை. உங்கள் பேச்சை நான் விடாமல் பின்தொடர்கிறேன் என்பதற்கு அது அடையாளம். மொஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்ற பெரிய கணிதக்காரர் 1943 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு திங்கட்கிழமை மாலைகளில் நடத்திய கருத்தரங்கு உலகப் பிரசித்தம். பேச்சாளரை இடைமறித்துக் கொண்டே இருப்பார். கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, இப்போது சொன்னதை உன் வார்த்தையில் சொல் என்பார். பாடசாலை மாணவர்கூட வந்து குந்தியிருப்பார்களாம். அவருடைய கடுமை எல்லோருக்கும் ஒத்துவராது, நானே அப்படி ஓர் அறையில் பேசத் தயங்குவேன். ஆனால் விளங்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

புதியவர் தைரியமாகக் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. இதற்கு மிக எளிய உதாரணம் எது? இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடையும்? இந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது? மூன்றாவதைக் கேட்பதற்குத்தான் அதிக துணிச்சல் வேண்டும், அதைக் கேட்டவருக்கு அறை முழுவதும் மனதுக்குள் நன்றி சொல்லும்.

கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டால் அது நிறுவப்பட்டதாகிவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் உள்ள ஐசக் நியூட்டன் நிறுவனத்தில் நடந்த செயலமர்வு ஒன்றில் அன்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதக்காரர் மூன்று நாள் மூன்று பேச்சுப் பேசினார். எங்கே போகிறார் என்று முதல் நாள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், ஜூன் 23, மூன்றரை நூற்றாண்டாக ஒருவராலும் நிறுவ முடியாமல் நின்ற ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு நிறுவல் என்று பலகையில் முடித்தார். உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகு கட்டுரையை வரிக்கு வரி சரிபார்த்தபோது ஓர் ஓட்டை தெரிந்தது. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அதை அடைக்க 1994 செப்டெம்பர் ஆகிவிட்டது. 1995இல் அச்சில் வந்தது. கருத்தரங்கு ஒரு வாசல் மட்டும்தான். ஆறுதலாக உட்கார்ந்து வாசித்துச் சரிபார்க்கிற வேலை அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது.

இனிச் செயலமர்வு. கருத்தரங்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால், செயலமர்வு ஒரே விஷயத்தில் வேலை செய்கிறவர்களை ஒரு வாரம் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது. ஜேர்மனியின் கறுப்புக் காட்டுக்குள் ஒபர்வொல்ஃபாக் என்ற கிராமத்தில் 1944இல் தொடங்கிய ஒரு கணித நிறுவனம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஐம்பது பேரளவில் அழைப்பார்கள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் யார் எங்கே இருப்பது என்பதை வேளைக்கு வேளை மாற்றி விடுவார்கள். பெயர் போட்ட துடைப்புத் துணி எந்தக் கதிரைக்கு முன்னால் இருக்கிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். பெரிய பேராசிரியர் ஒருவருக்குப் பக்கத்தில் நேற்று ஆய்வு தொடங்கிய பிள்ளை வந்து விழும். புதன்கிழமை பிற்பகல் பேச்சு எதுவும் இல்லை, எல்லோரும் காட்டுக்குள் நடக்கப் போவார்கள். அந்தச் சாப்பாட்டிலும் நடையிலும்தான் பாதிக் கணிதம் நடக்கிறது என்று போனவர்கள் சொல்வார்கள். அதை நம்பலாம். பேச்சில் முடிந்ததைச் சொல்வோம், நடக்கும்போதுதான் முடியாததைச் சொல்வோம்.

நல்ல செயலமர்வில் கணக்குப் போடும் அமர்வு என்று ஒன்று இருக்கும். ஆளாளுக்குத் தங்களால் தீர்க்க முடியாத கேள்வியை எழுதிக் கொடுப்பார்கள். இதற்கு ஒரு பழைய மூதாதை உண்டு. இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரத்தில், அது போலந்தோடு இருந்த காலத்தில், கணிதக்காரர் ஸ்கொட்டிஷ் கஃபே என்ற கோப்பிக்கடையில் கூடி ஒரு தடித்த கொப்பியில் கேள்விகளை எழுதி வைத்தார்கள். 1936இல் அவர்களில் ஒருவரான மசூர் எழுதிய ஒரு கேள்விக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு என்று போட்டிருந்தது. சுவீடன்காரர் பேர் என்ஃப்லோ அதைத் தீர்த்து, 1972இல் மசூரின் கையாலேயே வாத்தை வாங்கினார். நடுவில் ஒரு உலக யுத்தம் போய்விட்டது. கேள்வி காத்திருந்தது.

இதோடு ஆய்வுப் பள்ளி என்று இன்னொன்றும் உண்டு, நம் பிள்ளைகள் குறித்து வைக்க வேண்டியது இதைத்தான். ஒரு துறைக்குள் புதிதாக நுழைபவருக்கு ஒன்றிரண்டு வாரம் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுத்து, முடிவில் இன்றைய கேள்விகள் வரை கூட்டிப் போவார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் தொடங்கிய நிறுவனமும், பிரான்சில் 1978இல் தொடங்கிய சிம்பா (CIMPA) என்ற கணித மையமும் இலங்கை போன்ற நாடுகளின் ஆய்வாளர்களை மனதில் வைத்தே இந்தப் பள்ளிகளை நடத்துகின்றன. தெரிவானவருக்குப் பயணச் செலவுக்கு உதவி கிடைக்கிற நிகழ்ச்சிகளும் உண்டு. விண்ணப்பத்தில் உங்களைத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரின் கடிதம் கேட்பார்கள். ஆகவே துறையின் கருத்தரங்குக்குப் போய் முகம் தெரியப் பழகியிருப்பது இந்த வகையிலும் உதவும்.

தூரம் நமக்கு எப்போதும் ஒரு கவலை. கொழும்பில் ஒரு பேச்சைக் கேட்க இங்கிருந்து இரவு ரயிலேறிப் போய், அடுத்த இரவு ரயிலில் திரும்ப வேண்டும். 2020இல் உலகம் முழுவதும் கதவைச் சாத்தியபோது கணிதக் கருத்தரங்குகள் சூமுக்குள் போயின, பல அங்கேயே தங்கிவிட்டன. பதிவுசெய்து யூடியூப்பில் போடும் நிறுவனங்களும் நிறைய. பாரிசில் பிற்பகல் 2 மணிப் பேச்சு கோடையில் நமக்கு மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30, வசதியான நேரம். பொஸ்டனில் பிற்பகல் 3 மணி என்றால் கோடையில் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும், அதைப் பதிவில் பார்ப்பதே நல்லது. திரையில் கேட்பதில் தேநீர் இல்லை, அது உண்மையான இழப்பு. இரண்டு மூன்று பேர் ஒரே வீட்டில் ஒரு மடிக்கணினியை வைத்துப் பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசினால் இழந்ததில் பாதி திரும்பி வரும்.

கிண்ணியாப் பிள்ளை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இஞ்ச அப்படி ஒண்டு இருந்தா நல்லா இருக்கும் சேர்" என்றாள். இருக்கலாம்தான். சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற பௌதிகக்காரர் தன் வீட்டிலேயே ஒரு கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் பெரியவர்களும் வந்து பேசினார்கள், பேர்போன பௌதிகக்காரர் நீல்ஸ் போர்கூட 1960இல் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார். அதிலிருந்துதான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. புடாபெஸ்ட்காரருக்கு ஒரு சிலையடி போதுமாக இருந்தது. கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் இருக்கிறது, மட்டக்களப்பு வீதியால் போனால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். கணிதம் படித்துவிட்டு நகரத்தில் பாடசாலைகளிலும் வங்கிகளிலும் வேலை பார்ப்பவர் எத்தனையோ பேர். ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாளும் ஒரு நேரமும் மாறாமல் இருக்க வேண்டும், மூன்று பேர் வந்தாலும் நடத்த வேண்டும். அதுதான் கடினமான பகுதி. ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரமும் விடுபடும்.

முதல் தடவை பேசப் போகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உதாரணத்தில் தொடங்குங்கள், வரைவிலக்கணம் பிறகு வரட்டும். தெரிந்த எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டாம், ஒன்றை மட்டும் எடுத்து அதைக் கரை சேருங்கள். முடிந்தால் பலகையிலேயே எழுதுங்கள். கை எழுதும் வேகமும் கேட்பவர் யோசிக்கும் வேகமும் ஏறக்குறைய ஒன்று, திரையில் பக்கம் புரட்டும்போது அது கெட்டுவிடும். விளங்காத இடத்தை மூடி மறைக்காமல், இந்த இடம் எனக்கும் தெளிவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

நேற்றிரவு அவள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கிண்ணியாக் கடற்கரை மணலில் எட்டுச் சிப்பி. கீழே எழுதியிருந்தாள்: "சேர், இதில குவிவு ஐங்கோணி எங்கயும் இல்ல, எல்லாத்தையும் பாத்திட்டன். ஆனா ஒன்பதாவதை எங்க வச்சாலும் ஒண்டு வந்திடுது. ஏன்?"

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூட இரண்டு பேரையும் கூட்டி வருகிறாளாம். பழைய கரும்பலகையைக் கழுவி விறாந்தையில் சாத்தி வைத்திருக்கிறேன். அவள்தான் பேசப் போகிறாள்.